கஸ்பார் தண்டல் படகு பார்த்தது

புன்னைத்துறையில் பழைய பாய்ப்படகு வாங்குகிறவர், அந்தப் படகின் பகையையும் சேர்த்தே வாங்க வேண்டும். தம்முடைய சொந்தப் பகையைக் கரையில் இறக்கிவைத்துவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு பகைதான். இரண்டை வைத்துக்கொண்டு சுக்கான் பிடித்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குத் தெரியாது. படகு நின்ற இடத்திலேயே வட்டம் அடிக்கும்.

புதுப் படகுகளுக்குப் பகை கிடையாது. அதனால்தான் அவற்றை யாரும் தூரக் கடலுக்கு எடுத்துப்போவதில்லை. எந்தக் கரையிலிருந்து யார் கைகாட்டினாலும் போய் நின்றுவிடும். ஏழெட்டுத் துறையில் அடிபட்டு, ஏதோ ஒன்றின்மேல் மனம் கசந்த படகுதான் நீண்ட பயணத்துக்கு ஆகும். நெஞ்சில் ஒன்று கிடந்தால்தான் படகு நேராகப் போகும். மனிதனுக்கும் அப்படித்தான்.

கஸ்பார் கொரேராவுக்கு அப்படி ஒரு படகு தேவைப்பட்டது. உள்ளேயே படுக்க வேண்டும், உள்ளேயே சோறு பொங்க வேண்டும், மாதக்கணக்கில் கரையை மிதிக்காமல் இருக்க வேண்டும். காரணம் அவருடைய மைத்துனன் பெலவேந்திரன். மனைவி ஞானப்பூவின் தம்பி. அடுத்த வீட்டுக்காரன்.

பெலவேந்திரன் கெட்டவன் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஊர் அப்படித்தான் சொல்லும். அவன் காலையில் எழுந்ததும் எதையாவது புகழ ஆரம்பிப்பான். “வெயிலுன்னா இதுல்லா வெயிலு!” என்பான். காக்கை கரைந்தால், “என்ன சாரீரம்!” என்பான். இதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். கஸ்பார் பொறுக்க முடியாமல் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். மறுநாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து, “அடடா, என்ன பூச்சு! கண்ணாடி தோத்துப்போகும்!” என்று சத்தம் வந்தது. அன்றைக்கே கஸ்பார் படகு வாங்குவது என்று முடிவு செய்தார்.

அவருடைய பகை பழையது. வாலிபத்தில் அவர் ஒரு பெரிய தோணிக்குத் தண்டலாக இருந்தார். தோணியில் தண்டல் என்றால் கப்பலில் கேப்டன் மாதிரி. ஒருமுறை கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போகும்போது நடுக்கடலில் புயல் பிடித்தது. பெரிய பாய் கிழிந்துபோயிற்று. கடலாட்கள் எல்லோரும் கீழே மூட்டைகளுக்கு நடுவே படுத்துச் செபமாலை உருட்டினார்கள். கஸ்பார் தம்மைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தோணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வந்ததும், கடலாட்களில் ஒருவனான பெலவேந்திரன் தேநீர்க் கடையில் உட்கார்ந்து நாலு பேர் நடுவில் சொன்னான்: “தோணின்னா அதுல்லா தோணி! தானாவே போய்ச் சேந்திச்சு!”

முதலாளி அதைக் கேட்டார். தோணிக்கு மாலை போட்டார். தானாகப் போகிற தோணிக்குத் தண்டல் எதற்கு என்று கஸ்பாரைக் கரையில் நிறுத்திவிட்டார். அப்புறம் அவர் எந்தத் தோணிக்கும் தண்டலாகவில்லை. ஊரில் ‘தண்டல்’ என்று கூப்பிடுவது மட்டும் மிச்சம் இருந்தது.

படகுத் தரகர் நெய்னா மரைக்காயர் துறையின் தெற்கு ஓரத்தில் இருந்தார். தரகருக்குப் பகை எதுவும் இருக்கக் கூடாது என்பது துறையின் விதி. அதனால் அவருடைய முகம், கழுவிய தட்டு மாதிரி இருக்கும்.

“வாங்க தண்டலே. மூணு கெடக்கு. மூணையும் பாருங்க. மரத்தப் பாத்துட்டு மயங்கிராதீய. பகையைப் பாத்து வாங்குங்க.”

பகையைப் பார்ப்பதற்கு முறை இருக்கிறது. உள்ளே போய், பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்கார வேண்டும். படகுக்கு நம்பிக்கை வந்தால் சொல்லும்.

முதலாவது, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று விட்டுப்போன ஃபைபர் படகு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு சின்ன மேஜை. அடுப்பைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். படகு எப்படி ஆடினாலும் குழம்பு சிந்தாது. கஸ்பார் விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனார். எங்கும் பொத்தல் சத்தம் இல்லை. அவருக்குப் பிடித்துவிட்டது. பாய்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

படகு சொல்லிற்று. அதற்குப் பகை சங்குமுனைக் கலங்கரை விளக்கத்தின்மேல். ஒருமுறை இது வந்துகொண்டிருக்கும்போது அது பார்த்தும் பாராததுபோல் கண்ணை மூடிக்கொண்டதாம். அதிலிருந்து அந்தப் பக்கம் போனால் இது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கஸ்பார் வெளியே வந்தார்.

“மரைக்காரே, விளக்கோட பேச்சில்லன்னா பாறை எங்க இருக்குன்னு யாரு சொல்லுவா?”

“போன தடவை வாங்கினவரும் இதத்தான் கேட்டாரு.”

“அவரு இப்ப எங்க?”

“பாறையில.”

கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

இரண்டாவது, இரும்பில் கட்டியது. இரண்டு பாய்மரம். கொச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. அடிப்பக்கம் துரு பிடித்து அப்பளம்போலப் பெயர்ந்தது. ஆனால் அதற்குக் கீழே இரும்பு கனமாக இருந்தது. அதன் பகை சோழகக் காற்றின்மேல். தெற்கிலிருந்து காற்று வீச ஆரம்பித்தால், யாரையும் கேட்காமல் பாயை இறக்கிவிடும். பகைவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடிகூட நடக்காது.

இந்தப் பிடிவாதம் கஸ்பாருக்குப் பிடித்திருந்தது. காற்றோடு பகை வைப்பது சின்ன மனிதர் செய்கிற காரியம் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பழகிப் பார்த்தார். தெற்குப் பக்கத்துக் கதவைச் சாத்தினார். சோழகத்தின் பேச்சே எடுக்கக் கூடாது என்று ஞானப்பூவிடம் சொல்லிவைத்தார். மத்தியானம் முற்றத்தில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தபோது, தெற்கேயிருந்து வந்த காற்று முதுகில் பட்டு வேர்வையை ஆற்றிற்று. அவரையும் அறியாமல் “அப்பாடா” என்று சொல்லிவிட்டார். பகைக்காரனிடம் போய் “அப்பாடா” என்று சொல்லுகிறவன் என்ன மனிதன்? மறுநாள் மரைக்காயரிடம், தம்மால் ஆகாது என்று நேர்மையாகச் சொன்னார்.

மூன்றாவது படகு ஓரமாக, மணலில் முட்டுக்கொடுத்து நின்றது. தேக்குப் பலகை. முன்பக்கம் சற்று மழுங்கியிருந்தது. பெயர் அமலி. கஸ்பார் குனிந்து பலகைச் சந்துகளைப் பார்த்தார். பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசியது அப்படியே உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் அடிமரத்தை அழுத்தினார். நகம்தான் வலித்தது. உள்ளே இறங்கி மோந்து பார்த்தார். பழைய கடல் வாசனை இருந்தது, அழுகல் இல்லை. பாய்மரத்தில் முதுகைச் சாய்த்தார்.

அமலிக்கு நம்பிக்கை வர நெடுநேரம் ஆயிற்று. அப்புறம் ஒரு பெயரைச் சொல்லிற்று.

“யாரு?” என்றார் கஸ்பார்.

பெலவேந்திரன் என்றது படகு.

எந்தப் பெலவேந்திரன் என்று கேட்டார். எல்லாவற்றையும் புகழ்கிறவன் என்றது. ஒரு காலத்தில் அவன் இதில் சமையற்காரனாக வந்தானாம். ஒருநாள் இதன் தட்டிலேயே மீனும் சோறும் பிசைந்து தின்றுவிட்டு, இதன் பாய்மரத்திலேயே கையை ஊன்றிக்கொண்டு, தூரத்தில் போன வேறொரு படகைப் பார்த்து, “படகுன்னா அதுல்லா படகு!” என்றானாம்.

கஸ்பாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை காலமும் இந்தத் துறையில் தாம் ஒற்றை ஆள் என்று நினைத்திருந்தார். பாய்மரத்தை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

“இதையே எடுத்துக்கிடுதேன். எனக்கும் அவன்மேலதான் பகை. இறக்கிவைக்க வேண்டிய சோலியே இல்ல.”

மரைக்காயர் அசையவில்லை. “இறக்கித்தான் வைக்கணும் தண்டலே.”

“ஆளு ஒண்ணுதானே?”

“ஆளு ஒண்ணு. காரணம் ரெண்டு. படகுல ஏறினா படகோட காரணத்துக்காகத்தான் நீங்க பகைக்கணும். ஒங்க காரணம் கரையில இருக்கணும்.”

“இது என்னவே நியாயம்? அது ஒரு சாப்பாட்டுத் தட்டு விசயம். என்னுது வாழ்க்க.”

“காரணத்தத் தராசுல வைக்கிற வழக்கம் இங்க இல்ல.”

கஸ்பார் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். ஞானப்பூ கருவாட்டைக் காயவைத்து விற்கிறவள். கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“படகு நல்லாயில்லையா?”

“படகு நல்லாத்தான் இருக்கு. கேட்டியா, அந்தப் புயல்ல தோணிய ஓட்டினது நான்தான்னு சொல்ல ஒலகத்துல ஒரு சாட்சி கெடையாது. மொதலாளி செத்தாச்சு. தோணிய ஒடச்சு வெறகாக்கியாச்சு. இந்தப் பகை ஒண்ணுதான் மிச்சம். இதையும் கொண்டுபோயி கரையில போட்டுட்டா, அப்புறம் தோணி தானாத்தான் போச்சுன்னு ஆயிரும்.”

“நான் இருக்கேனே, எனக்குத் தெரியாதா?”

“நீ அவனுக்கு அக்கா.”

ஞானப்பூ அதற்குக் கோபப்படவில்லை. “கரையில போட்டா மண்ணுலயா கெடக்கப்போவுது? வீட்டாளு யாராவது தூக்கிக்கிடத்தானே செய்யணும்? தூக்குறவுக பத்திரமா வச்சிருப்பாக.”

அது சரிதான். கரையில் இறக்கிய பகையைச் சொந்தக்காரர் ஒருவர் தூக்கிக்கொள்கிறவரை படகின் கயிற்றை அவிழ்க்க மாட்டார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பகை துறைக்கு ஆகாது.

“நீ தூக்குவியா?”

“எனக்குத்தான் ஒங்க தங்கச்சி இருக்காளே,” என்றாள் ஞானப்பூ. அவளுக்குத் தன் நாத்தனார்மேல் கல்யாணத்திலிருந்தே பகை. அதை விட்டுவிட்டு வேறு எடுக்க அவளுக்கு மனம் இல்லை. கஸ்பாரும் வற்புறுத்தவில்லை. பகையின் அருமை அவருக்குத் தெரியும்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. கஸ்பாருடைய அண்ணன் செத்துப்போய்விட்டார். தங்கச்சிக்கு ஞானப்பூமேல் ஒரு பகை ஏற்கனவே இருக்கிறது. யாரும் இல்லை என்று கஸ்பார் எண்ணிக்கொண்டிருக்கையில், இருவரும் பேச்சை நிறுத்தியதால் வீடு நிசப்தமாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அமைதின்னா இதுல்லா அமைதி! கோயில் தோத்துப்போகும்!”

கஸ்பார் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். “இறக்கிவைக்கேன்,” என்றார். “யாரு தூக்கினாலும் சரி.”

காலையில் அமலியைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றால் துறையோடு கட்டியிருந்தார்கள். அடுப்பு, அரிசி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கஸ்பார் நெஞ்சிலிருந்து பகையை எடுத்து நங்கூரக் கல்லின்மேல் வைத்தார். நனைந்த கயிற்றுச் சுருள் ஒன்றின் அளவு இருந்தது. அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னது; ஆனால் நல்ல கனம். கல் கொஞ்சம் மணலில் இறங்கிற்று.

“யாரு தூக்குறா?” என்றார் மரைக்காயர்.

ஞானப்பூ தன்னுடையதை ஏற்கனவே வைத்திருக்கிறாள் என்று சொன்னாள். வேறு யார் என்று மரைக்காயர் கேட்டார். வெயில் ஏறிற்று.

“வீட்டுல ஆளில்லன்னா மச்சினன் தூக்கணும். அதுதான் முறை,” என்றார் மரைக்காயர்.

முறை என்றால் முறைதான். பெலவேந்திரனைக் கூப்பிட ஆள் போயிற்று. பெலவேந்திரன் தோளில் துண்டோடு வந்தான். அவனிடம் பகை எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் புகழ்கிறவனிடம் அதற்கு எங்கே இடம்? ஆகவே கை காலியாக இருந்தது.

“கல்லுன்னா இதுல்லா கல்லு!” என்று நங்கூரக் கல்லைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் கஸ்பாரைப் பார்த்து, “அத்தான், நல்லாருக்கியளா?” என்றான்.

கஸ்பார் கடலைப் பார்த்தார்.

“வைக்கிறவரு காரணத்த வாய்விட்டுச் சொல்லணும்,” என்றார் மரைக்காயர். “தூக்குறவரு கேட்டுக்கணும். எதிர்ப்பேச்சு கூடாது.”

அவனோடு பேசாமலே கிழவனாகியிருந்தார் கஸ்பார். இப்போது பேசினார். பாய் கிழிந்ததைச் சொன்னார். சுக்கானோடு தம்மைக் கட்டிக்கொண்டதைச் சொன்னார். கயிறு இடுப்பை அறுத்த தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உப்புத்தண்ணீர் அடித்து ஒரு கண் மூடிப்போனதையும், மற்றக் கண்ணால் கொழும்பைக் கண்டுபிடித்ததையும் சொன்னார். “அதுக்கப்புறம் நீ கடையில உக்காந்து, தோணி தானாப் போச்சுன்னு சொன்ன. எங் கையில இருந்த சுக்கான் அன்னைக்குப் போச்சு.”

பெலவேந்திரன் வாயைத் திறந்தான். “அத்தான், நான் தோணியப் பெருமையாத்தான்...”

“எதிர்ப்பேச்சு கூடாது,” என்றார் மரைக்காயர். “தூக்குங்க.”

பெலவேந்திரன் குனிந்து தூக்கினான். முதலில் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். பிறகு நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவன் முகம் மெதுவாக இறுகிற்று. கஸ்பார் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் பகையை இவன் எங்கேயாவது தவறவிட்டுவிடுவான், பூனைக்குட்டியைப் போலத் தடவிக்கொடுத்து அதையும் புகழ்ந்துவிடுவான் என்றுதான் பயந்திருந்தார்.

“தோணி தானாப் போச்சுன்னா சொன்னான்?” என்றான் பெலவேந்திரன்.

“சொன்னான்,” என்றார் கஸ்பார்.

“நாலு பேரு நடுவுல?”

“நாலு பேரு நடுவுல.”

“சுக்கான்ல நீங்க கட்டிக் கெடந்தது அந்தப் பயலுக்குத் தெரியாதா? கீழ மூட்டைக்கு நடுவுல படுத்துக்கெடந்தவந்தானே? இடுக்கு வழியா பாத்திருப்பானே!” பெலவேந்திரன் நங்கூரக் கல்லை உதைத்தான். “பாத்தான், அத்தான். எனக்குத் தெரியும். பாத்துட்டுத்தான் வந்து அப்பிடிச் சொன்னான்.”

கஸ்பாருக்கு இது தெரியாது. தாம் வைத்திருந்த காலத்தில் இந்தப் பகைக்கு இவ்வளவு ஆழம் இருக்கவில்லை. இவ்வளவு நாளும் இல்லாத சாட்சி எதிரே நின்றது. தம்மைவிட நல்ல இடத்துக்குப் போயிருக்கிறது என்று நினைத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பனைப்போல நெஞ்சு வெறுமையாகவும் லேசாகவும் இருந்தது.

மரைக்காயர் அவரைப் படகில் ஏறச் சொன்னார். ஏறி, சுக்கானில் கை வைத்ததும் அமலியின் பகை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. புதுச் செருப்புப்போல ஓரத்தில் கொஞ்சம் கடித்தது. தட்டில் தின்றுவிட்டு வேறு படகைப் புகழ்ந்தவனை நினைத்தார். மன்னிக்க முடியாத காரியம்தான். ஞானப்பூ, நாற்றம் பிடிக்காமல் கருவாட்டைத் தனியாகக் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். திருவிழாவுக்கு வந்துவிடுவதாக அவர் சொன்னார்.

கயிற்றை அவிழ்க்கப்போகும்போது பெலவேந்திரன் கையைக் காட்டினான்.

“அத்தான், நான் எங்க போவேன்?”

“ஏன், ஒன் வீடு இருக்கே?”

“அது அவன் வீடு. அவன் கெணத்துத் தண்ணிய நான் எப்பிடிக் குடிப்பேன்? அவன் பாயில எப்பிடிப் படுப்பேன்? கண்ணாடியில வேற வந்து நிப்பான்.”

பேச்சில் நியாயம் இருந்தது. கஸ்பார் மரைக்காயரைப் பார்த்தார். சுக்கான் பிடிக்கிறவருக்குத்தான் விதி, கூட வருகிறவர் நெஞ்சில் எது இருந்தாலும் துறைக்குக் கவலை இல்லை. படகு சம்மதித்தால் போதும் என்றார் மரைக்காயர். பெலவேந்திரன் ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தான். அமலி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, ஏறுவதற்கு வசதியாக அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்துகொடுத்தது. பெலவேந்திரனோடு பகையுள்ளவன் அதற்கு வேற்றாள் இல்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். பாய் ஏறிற்று. பெலவேந்திரன் கேட்காமலே அடுப்பண்டை போய் உட்கார்ந்து அரிசி களைந்தான். எதையும் புகழவில்லை. கஸ்பார் சுக்கானைப் பிடித்திருந்தார். துறை பின்னால் போயிற்று.

“அங்க கரையில யாரோ கத்துறாப்பில இருக்கு,” என்றான் பெலவேந்திரன், அரிசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“அவன்தான்,” என்றார் கஸ்பார்.

நங்கூரக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பெலவேந்திரன், பகை சுமக்காமல் கரையிலேயே நின்றுவிட்ட பழையவன், துண்டை வீசி வீசி வழியனுப்பிக்கொண்டிருந்தான். “கடலுன்னா இதுல்லா கடலு!” என்று கத்தினான்.

“திரும்பிப் பாக்காதீய அத்தான்.”

“நான் எதுக்குப் பாக்கேன்?”

ஞானப்பூ கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். “தம்பி, வெயில்ல நிக்காத. சோறு ஆறிப்போவுது, வா,” என்று கூப்பிட்டாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

“ஒங்க வீட்டுத் தட்டுல சாப்பிடவா போறான்?” என்று படகிலிருந்த பெலவேந்திரன் கேட்டான்.

“போறான்,” என்றார் கஸ்பார்.

அமலி வேகத்தைக் கூட்டிற்று.